எளிதா, கடினமா? சண்டை ஆட்டங்களின் கதை

நம் தேவனூர் நாட்டிலும் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் சுட்டு விளையாடுகிறார்கள். சில ஆட்டங்கள் தொடங்கும்போதே ‘எளிதா, நடுத்தரமா, கடினமா’ என்று கேட்கும். இதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1978இல் ஜப்பானில் நிஷிகாடோ என்பவர் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்ற ஆட்டத்தை உருவாக்கினார். 55 எதிரிகள் அணிவகுத்து இறங்குவார்கள். சுடச்சுட, மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். இது திட்டமிட்டதல்ல. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் இயந்திரத்தின் வேலை குறைந்தது. ஆட்டம் சூடுபிடித்ததைக் கண்டு அவர் அப்படியே விட்டுவிட்டார். கடினத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதில் ஆடுபவருக்கு இல்லை.

1993இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டூம்’ ஆட்டத்தில் அந்த உரிமை உண்டு. மிக எளிய படியில் நம்மேல் படும் அடி பாதி; எடுக்கும் தோட்டா இரட்டிப்பு. நடுத்தரம், கடினம் என்று ஏறும்போது அரக்கனின் பலம் கூடாது. அரக்கர்களின் எண்ணிக்கைதான் கூடும். எனவே கண்டபடி சுட முடியாது. ஒதுங்கி நின்று, தோட்டாவை எண்ணிச் செலவழிக்க வேண்டும்.

நம் ஆடுபுலி ஆட்டமும் இந்தக் கணக்குத்தான். 3 புலி, 15 ஆடு. தனி ஆட்டுக்குப் பலமில்லை. ஆடுகள் கூடிச் சூழ்ந்தால் புலிக்கு நகர இடமில்லை.

பேரன் தோற்றுத் தோற்றுக் கோபப்பட்டால், எந்தப் படியில் ஆடுகிறான் என்று கேளுங்கள். ஒரு படி இறங்கிப் பழகுவது கேவலமில்லை.