பணத்தோடு கட்டிய நிபந்தனை: பவல் திருத்தம் நமக்குச் சொல்வது

பட்ஜெட் வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை கோடி?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், அந்தக் கோடி எந்தத் தெருவுக்குள் வரும், எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகும் என்பதை முடிவு செய்யும் இடத்தைப் பார்க்காமலே விட்டுவிடுவோம். அந்த இடம், பணத்தோடு சேர்த்து எழுதப்படும் நிபந்தனை. அமெரிக்காவின் கறுப்பின மக்கள் அந்த நிபந்தனைக்காக ஏறத்தாழ நூறு ஆண்டுகள் போராடினார்கள். அந்தக் கதையைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணல் அம்பேத்கரே பொது நிதியைப் படித்தவர், அதைப் பற்றி நூல் எழுதியவர். பட்ஜெட் கணக்கு அவர் வழியில் வந்தவர்களுக்கு அந்நியமான பாடம் இல்லை.

முதலில் ஒரு சொல்லைப் புரிந்துகொள்வோம். அமெரிக்காவில் அரசு செலவு செய்ய வேண்டுமானால் ஆண்டுதோறும் நாடாளுமன்றம் நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களை நிறைவேற்ற வேண்டும். அவை நிறைவேறாவிட்டால் ராணுவத்துக்குச் சம்பளம் இல்லை, அலுவலகத்தில் வேலை இல்லை. கட்டாயம் நிறைவேற வேண்டிய மசோதா என்பதால், தனியாக நின்றால் தோற்றுப்போகும் ஒரு கொள்கையை அதன் முதுகில் ஏற்றி அனுப்புவார்கள். குதிரை மேல் ஏறி வருபவனைப் போல வருவதால் அதற்கு 'ரைடர்' என்று பெயர். குதிரை வேண்டுமென்றால் அதன் மேல் இருப்பவனையும் ஏற்க வேண்டும்.

வாக்குரிமையைப் பறிக்க வந்த ரைடர்

உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்து, அடிமை முறை ஒழிந்து, கறுப்பின ஆண்களுக்கு 1870-ல் வாக்குரிமை வந்தது. அந்த உரிமை தென் மாநிலங்களில் தாளில் மட்டும் நிற்காமல் இருந்ததற்கு மத்திய அரசின் படைவீரர்களும் தேர்தல் கண்காணிப்பாளர்களும் ஒரு முக்கியக் காரணம். அவர்களை அகற்றுவது தென் மாநில வெள்ளையர்களின் கட்சியாக இருந்த ஜனநாயகக் கட்சியின் இலக்கு. அந்தக் காலத்து ஜனநாயகக் கட்சியை இன்றைய கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அன்று லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சிக்குத்தான் கறுப்பின மக்கள் வாக்களித்தார்கள்.

அவர்கள் கையில் எடுத்த கருவி செலவு மசோதா. 1877-ல் ராணுவத்துக்கான நிதி மசோதா நிறைவேறாமல் முடங்கியது. மாதக்கணக்கில் வீரர்களுக்குச் சம்பளம் இல்லை. 1878-ல் ராணுவ நிதி மசோதாவுக்குள்ளேயே, உள்நாட்டில் சட்டத்தை நிலைநாட்ட ராணுவத்தைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் பிரிவு சேர்க்கப்பட்டது. 1879-ல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தன. வாக்குச்சாவடிப் பாதுகாப்புச் சட்டங்களை நீக்கும் ரைடர்களை அவர்கள் வரிசையாக நிதி மசோதாக்களில் ஏற்றினார்கள். குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் அடுத்தடுத்து வீட்டோ செய்தார். 1877-ல் தென் மாநிலத் தலைமைச் செயலகங்களிலிருந்து படைகளை விலக்கி, கறுப்பின மக்களைக் கைவிட்டவரும் இதே ஹேய்ஸ்தான். மசோதாவில் மாற்றான் ஏறி வந்து தன் அதிகாரத்தைப் பறிப்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. அந்த ஆண்டு சட்டங்கள் தப்பின. ஆனால் 1894-ல் அதே கட்சி பெரும்பான்மையோடு வந்தபோது அந்தப் பாதுகாப்புச் சட்டங்களைப் பெருமளவு நீக்கிவிட்டது.

ஹார்லெமிலிருந்து வந்தவர்

அதே கருவியை எதிர்த்திசையில் திருப்பியவர் ஆடம் கிளேட்டன் பவல். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பெரிய தேவாலயத்தின் போதகர். 1944-ல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். 435 பேர் கொண்ட அந்தச் சபையில் அவரோடு சேர்த்துக் கறுப்பினத்தவர் 2 பேர்தான். வெள்ளையர்களுக்கு மட்டும் என்று வழக்கத்தில் இருந்த உறுப்பினர் உணவகத்துக்குள் தன் தொகுதிக் கறுப்பின மக்களை அழைத்துப்போய் உட்கார வைத்தவர் அவர்.

அவர் முன்வைத்த வாதம் எளிமையானது. வரி எல்லோரும் கட்டுகிறோம். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு எங்களை வெளியே நிறுத்தும் எந்த நிறுவனத்துக்கும் மத்திய அரசு ஒரு காசும் தரக்கூடாது. இந்தக் கருத்தைச் செலவு மசோதாக்கள் வரும்போதெல்லாம் திருத்தமாக முன்வைத்தார். 'பவல் திருத்தம்' என்றே அதற்குப் பெயர் வந்தது.

1946-ல் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் அவருடைய முயற்சிக்கு முதல் பலன் கிடைத்தது. அது முழு வெற்றி இல்லை. தனித்தனிப் பள்ளிகள் நடத்தும் மாநிலங்கள் சிறுபான்மை இனத்துக்கும் நியாயமான பங்கு தர வேண்டும் என்று மட்டுமே சட்டம் சொன்னது. பிரிவினையை அது தொடவில்லை. அதே ஆண்டு வந்த மருத்துவமனைக் கட்டுமான நிதிச் சட்டம் இன்னும் மோசம். பாகுபாடு கூடாது என்று ஒரு வரி எழுதி, 'தனித்தனியாக, ஆனால் சமமான வசதி' இருந்தால் போதும் என்று அடுத்த வரியில் ஓட்டை போட்டது. அந்த ஓட்டை வழியாக மத்திய அரசின் பணத்திலேயே வெள்ளையர் மருத்துவமனைகள் எழுந்தன. அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டியதும் அந்த 1946-ல்தான்.

1956: நண்பர் யார், எதிரி யார்?

1954-ல் பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென் மாநில உறுப்பினர்கள் சுமார் 100 பேர் அதை எதிர்த்து 1956-ல் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்த நேரத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கு மத்திய நிதி தரும் மசோதா வந்தது. தீர்ப்பை மீறும் பள்ளிகளுக்குப் பணம் இல்லை என்ற திருத்தத்தை பவல் கொண்டுவந்தார்.

சபையில் மூன்று அணிகள் இருந்தன. வட மாநில ஜனநாயகக் கட்சியினருக்குப் பள்ளி நிதி வேண்டும். தென் மாநில ஜனநாயகக் கட்சியினரில் பலருக்கும் நிதி வேண்டும், நிபந்தனை வேண்டாம். குடியரசுக் கட்சியினரில் பெரும்பகுதிக்கு மத்திய அரசு பள்ளிக்குப் பணம் தருவதே பிடிக்காது. ஜூலை மாதம் வாக்கெடுப்பு நடந்தது. பவல் திருத்தம் 225-192 என்று வென்றது. அடுத்து, திருத்தத்தோடு கூடிய மசோதா 194-224 என்று தோற்றது. திருத்தத்துக்கு ஆதரவாகக் கை தூக்கிய குடியரசுக் கட்சியினரில் பலர் மசோதாவுக்கு எதிராக வாக்களித்திருந்தார்கள். நிபந்தனையைச் சேர்த்தால் தென் மாநிலத்தவர் ஓடிவிடுவார்கள், மசோதா செத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. கறுப்பின மக்களின் உரிமையை அவர்கள் கத்தியாகப் பயன்படுத்தினார்கள்.

பழி முழுவதும் பவல் தலையில் விழுந்தது. "ஏழைக் குழந்தைகளின் பள்ளியைக் கெடுத்துவிட்டாய். கறுப்பினக் குழந்தைகளுக்கும்தானே அந்தப் பள்ளி? கட்டடம் வரட்டும், உரிமையைப் பிறகு பார்க்கலாம்" என்ற பாணியில் முற்போக்காளர்களே பேசினார்கள். ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சனும் திருத்தத்தை எதிர்த்தார். இந்தக் குரலை நாம் கேட்டதில்லையா? "பொது நன்மைக்குக் குறுக்கே சாதியைக் கொண்டுவராதே" என்று நம்மிடம் சொல்பவர்களின் குரலும் இதுதான்.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கட்டடம் இல்லாத பள்ளியில் படித்த பிள்ளைகள் உண்மையானவர்கள். ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள். 1961-ல் பவல் கல்வி, தொழிலாளர் குழுவின் தலைவரானார். கென்னடியின் பள்ளி நிதி மசோதாவில் தன் திருத்தத்தைச் சேர்க்காமல் விட்டுக்கொடுத்தார். அப்போதும் மசோதா தோற்றது. இந்த முறை கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பங்கு உண்டா என்ற சண்டையில், விதிகள் குழுவில் 8-7 என்று முடங்கியது. உரிமையை விட்டுக்கொடுத்தால் பணம் வரும் என்ற வாக்குறுதிக்கு எந்த உத்தரவாதமும் இருந்ததில்லை.

ஒவ்வொரு மசோதாவிலிருந்து எல்லா மசோதாவுக்கும்

தெருப் போராட்டம் இதை மாற்றியது. 1963-ல் பர்மிங்ஹாமில் போராடிய மக்கள் மீது நாய்களும் தண்ணீர்ப் பீரங்கிகளும் ஏவப்பட்டன. அரசு அசைந்தது. அதே ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, வட கரோலினா மருத்துவமனை வழக்கில், 1946-ன் அந்த ஓட்டையைச் செல்லாது என்றது. 1964 ஜூலை 2-ல் சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. அதன் ஆறாம் பகுதி பவல் திருத்தத்தை நிரந்தரச் சட்டமாக்கியது. மத்திய நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் இனப் பாகுபாடு கூடாது, மீறினால் நிதி நிற்கும். இனி மசோதா மசோதாவாகச் சண்டை போட வேண்டியதில்லை.

1965-ல் பள்ளிக் கல்விக்கு முதல் ஆண்டே 100 கோடி டாலருக்கு மேல் தரும் சட்டம் நிறைவேறியது. அதை நடத்திச் சென்றது பவலின் குழு. நிபந்தனை ஏற்கெனவே நாட்டின் சட்டமாகிவிட்டதால், அதைக் காட்டி மசோதாவைக் கொல்ல யாராலும் முடியவில்லை. 1963-64 கல்வியாண்டில் 11 தென் மாநிலங்களில் வெள்ளைக் குழந்தைகளோடு படித்த கறுப்பினக் குழந்தைகள் சுமார் 1.2 சதவீதம். 1968-69-ல் அது 32 சதவீதம். தீர்ப்பு மட்டும் இருந்த பத்து ஆண்டுகளில் நடக்காதது, தீர்ப்போடு பணமும் சேர்ந்தபோது நடந்தது.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. 1968 முதல் மிசிசிப்பியின் ஜேமி விட்டன், பள்ளி ஒருங்கிணைப்புக்காகப் பேருந்து விடவோ பள்ளியை மூடவோ நிதியைப் பயன்படுத்தக்கூடாது என்று கல்வித் துறையின் நிதி மசோதாவில் ரைடர் ஏற்றினார். 1976-ல் ஹென்றி ஹைட், ஏழைகளுக்கான மருத்துவத் திட்டம் கருக்கலைப்புக்குச் செலவு செய்வதைத் தடுக்கும் ரைடரைக் கொண்டுவந்தார். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு இன்றுவரை அது இருக்கிறது. வசதி உள்ள பெண்ணை அது தொடாது. ஏழைப் பெண்ணை, அவர்களில் பெருந்தொகையான கறுப்பினப் பெண்களைத் தொடும். 2025-ல் நிதி மசோதா சண்டையால் அரசு 43 நாள் முடங்கியபோதும், உணவு உதவிக்காகக் காத்து நின்றவர்கள் ஏழைகள்தான்.

நமக்கு என்ன?

நம் நாடாளுமன்றத்தில் பவல் செய்ததைச் செய்ய முடியாது. நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் தொகையையோ அது போய்ச் சேரும் இடத்தையோ மாற்றும் திருத்தம் கொண்டுவர அரசியல் சட்டத்தின் 114-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. ஆகவே நமக்குத் தேவை தனிச் சட்டம், அந்த ஆறாம் பகுதியைப் போல.

1979 முதல் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறு திட்டம் இருக்கிறது. மக்கள்தொகை விகிதத்தில் நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால் அது வழிகாட்டுதலாகவே நின்றது. டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காக அந்த நிதியிலிருந்து நூற்றுக்கணக்கான கோடிகள் திருப்பிவிடப்பட்டன. ஆந்திராவும் கர்நாடகாவும் 2013-ல் சட்டம் இயற்றின, தெலங்கானா 2017-ல், தமிழ்நாடு 2024-ல் இயற்றியது. கர்நாடகச் சட்டத்தில் 7(டி) என்று ஒரு பிரிவு இருந்தது. எல்லோருக்குமான கட்டமைப்புச் செலவின் ஒரு பகுதியைப் பட்டியல் சாதியினருக்கான செலவாகவே கணக்குக் காட்ட அது இடம் தந்தது. 1946 மருத்துவமனைச் சட்டத்தின் ஓட்டைக்கு அது உறவுமுறை. பத்து ஆண்டுகள் கழித்து, 2023-ல்தான் அதை நீக்க முடிந்தது.

ஆகவே அடுத்த பட்ஜெட் நாளில் தொகையைப் பார்த்துக் கைதட்டவோ கண்டனம் எழுதவோ தொடங்கும் முன், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பணத்தோடு என்ன நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது? அதில் ஓட்டை எங்கே இருக்கிறது? நிபந்தனையை மீறும் அதிகாரிக்கு என்ன நடக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அந்தத் தொகையை நம் தொகை என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அந்தப் பதிலை எழுத வைக்கும் வேலை நம்முடையது.