தகடூரில் எழுத்தாளரைப் போற்றும் மரபு

தருமபுரி மாவட்டத்தில் எழுதுவோரை ஆதரிக்கும் வழக்கத்துக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று, ஒரு புலவர் பரிசிலை வாங்க மறுத்த செய்தி. சங்க காலத்தில் தருமபுரிக்குத் தகடூர் என்று பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர் அது. குன்றுகளையும் மலைகளையும் கடந்து அவனைக் காண வந்தார் பெருஞ்சித்திரனார். அதியமான் நேரில் வராமல் ஆள் வழியாகப் பரிசில் அனுப்பினான். புலவர் அதைத் தொடவில்லை. என்னைப் பார்க்காமல் கொடுத்த பொருளை வாங்கிக்கொண்டு போக நான் வணிகன் அல்லன், என் தகுதியை அறிந்து தினையளவு கொடுத்தாலும் அதுவே இனிது என்று பாடிவிட்டுப் புறப்பட்டார். புறநானூற்றின் 208ஆம் பாடல் அது.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வைக்கப்பட்ட இந்தக் கோரிக்கைக்கு எவ்வளவு பதில் கிடைத்தது என்பதைக் கொண்டே இம்மாவட்டத்தின் இலக்கிய ஆதரவை அளக்கலாம். எழுதுபவருக்குப் பொருளும் வேண்டும். ஆனால் அவர் எழுதியதை ஒருவர் எடுத்துப் படித்துப் பார்த்த பிறகே அந்தப் பொருளுக்கு மதிப்பு உண்டாகிறது.

அதியமானைக் கருமியாகவோ கல்வி அறியாதவனாகவோ எண்ணிவிடக் கூடாது. அவனுடைய அவையில் ஔவையார் நெடுங்காலம் இருந்தார். நீண்ட வாழ்நாள் தரும் என்று நம்பப்பட்ட அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவருக்கு அவன் கொடுத்ததை 91ஆம் புறப்பாட்டு சொல்கிறது. அந்தப் பாடல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது 206ஆம் பாடல். ஒருமுறை அதியமான் பரிசில் தராமல் நாள் கடத்தினான். ஔவையார் வாயில் காவலனை அழைத்து, உன் தலைவன் தன்னையும் அறியவில்லையா, என்னையும் அறியவில்லையா என்று கேட்டார். கோடரியோடு காட்டுக்குப் போகும் தச்சனின் பிள்ளைக்கு எந்தக் காட்டிலும் மரம் உண்டு, எங்களுக்கும் எத்திசைச் சென்றாலும் சோறு உண்டு, யாழைப் பையில் கட்டிவிட்டோம் என்று பாடினார். அரசனிடம் இப்படிப் பேச முடிந்தது என்பதும் பேசியது பாட்டாகக் காக்கப்பட்டது என்பதும் அந்த உறவின் தன்மையைக் காட்டும். தொண்டைமானிடம் தூது போகவும் அதியமான் ஔவையாரையே நம்பினான். அவன் இறந்தபோது அவர் பாடிய கையறுநிலைப் பாட்டு தமிழின் மிகத் துயரமான பாடல்களுள் ஒன்று.

தகடூரை வென்றவனும் புலவர்களைக் கொண்டாடியவனே என்பது இந்த வரலாற்றின் வியப்பான பக்கம். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர்க் கோட்டையை அழித்தான். முரசு கட்டிலில் அறியாமல் படுத்து உறங்கிவிட்ட மோசிகீரனாரைத் தண்டிக்காமல், அவர் விழிக்கும் வரை நின்று கவரி வீசியவன் இவன்தான். இவனைப் பாடிய அரிசில் கிழாருக்கு ஒன்பது நூறாயிரம் காணம் பொன்னோடு அரசு கட்டிலையும் அளித்தான் என்றும், புலவர் அரசை ஏற்காமல் அமைச்சுப் பொறுப்பை மட்டும் பெற்றார் என்றும் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் கூறுகிறது. அந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு நூலே இருந்தது. முழு நூல் அழிந்துவிட்டது. புறத்திரட்டும் தொல்காப்பிய உரைகளும் எடுத்தாண்ட பாடல்கள் மட்டும் எஞ்சியுள்ளன. தன் ஊரின் பெயரைத் தாங்கிய முதல் நூலை இம்மாவட்டம் துண்டுகளாகவே படிக்க முடிகிறது.

அதியமானைப் பற்றிய புறப்பாடல்கள் அச்சுக்கு வந்தது உ. வே. சாமிநாதையரால். 1894இல் அவர் புறநானூற்றைப் பதிப்பித்தார். 1981இல் திருக்கோவலூர் அருகே ஜம்பை மலைக்குகையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரோடு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டபோது, பாட்டில் மட்டும் வாழ்ந்த தலைவன் கல்லிலும் உறுதியானான். தருமபுரி நகரில் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கு அதியமான் பெயரும், பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கு ஔவையார் பெயரும் சூட்டப்பட்டுள்ளன. அரசனுக்கு இணையாகப் புலவரின் பெயரையும் தன் பள்ளிக்கு வைத்துக்கொண்ட ஊர் இது.

இடைக்காலத்தில் இங்கே ஏட்டைவிடக் கல்லும் கூத்தும் அதிகம் பேசின. ஆநிரை மீட்டு இறந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் மாவட்டமெங்கும் கிடைக்கின்றன. வட்டெழுத்தில் வீரனின் பெயரும் அவன் விழுந்த காரணமும் பொறித்த அக்கற்களுள் பல தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. பொறித்தவரின் பெயர் பெரும்பாலும் நிலைக்கவில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய ஆடப்படும் பாரதக் கூத்தும் அப்படித்தான். மாணவரைச் சேர்த்துக்கொண்டு பாட்டும் வசனமும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த கூத்து வாத்தியார்களே பல தலைமுறைகளுக்கு இப்பகுதியின் எழுத்துப் பயிற்சியாளர்கள். அவர்களை எழுத்தாளர் வரிசையில் சேர்க்காத இலக்கிய வரலாறு குறையுடையது.

நவீன காலத்தில் இம்மாவட்டத்தின் முதன்மையான பெயர் சுப்பிரமணிய சிவா. 1884 அக்டோபர் 4 அன்று வத்தலக்குண்டில் பிறந்தவர், 1908இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு சிறை சென்றார். சிறையில் தொழுநோய் பற்றியது. விடுதலையான பின் 1913இல் சென்னையிலிருந்து ஞானபானு என்ற மாத இதழைத் தொடங்கினார். அப்போது பாரதி புதுச்சேரியில் ஒதுங்கி வாழ்ந்தார். அவர் நடத்திய இந்தியா இதழ் நின்று போயிருந்தது. அவருடைய எழுத்தை வெளியிடுவது ஆங்கில அரசின் கண்ணை உறுத்தும் செயல். ஞானபானு அவருக்கு இடம் கொடுத்தது. சின்னச் சங்கரன் கதை என்ற பாரதியின் உரைநடைப் படைப்பு அதில்தான் வெளிவந்தது. வ. உ. சி.யும் அதில் எழுதினார். சிறை மீண்ட ஒரு நோயாளி, கைப்பொருள் இல்லாத நிலையில், இன்னொரு எழுத்தாளருக்குப் பக்கங்களை ஒதுக்கினார் என்றால் அதைவிடப் பெரிய இலக்கிய ஆதரவு எது? பாரதியின் மேதைமையைப் பேசுகிறவர்கள் அவரை அச்சில் தொடர்ந்து இருக்கச் செய்தவர்களையும் பேச வேண்டும்.

சிவா பிறகு பிரபஞ்சமித்திரன் என்ற இதழையும் நடத்தினார். வாழ்வின் கடைசிக் கட்டத்தில் அவர் தேர்ந்தெடுத்த இடம் பென்னாகரம் அருகே உள்ள பாப்பாரப்பட்டி. அங்கே பாரத ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்பத் திட்டமிட்டார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறச் சிவாவுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. உடல் முழுதும் புண்ணோடு அவர் ஊர் ஊராக நடந்தும் கட்டைவண்டியிலும் போய்ப் பேசினார், பொருள் திரட்டினார். 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் காலமானபோது வயது 40. அவருடைய நினைவிடம் அங்கே இருக்கிறது. அவர் கனவு கண்ட இடத்தில் பாரத மாதா நினைவாலயமும் பின்னாளில் அரசால் கட்டப்பட்டது. தலைவர்களும் மாணவர்களும் ஆண்டுதோறும் வந்து மாலை போடுகிறார்கள். விடுதலை வீரர் என்ற முகத்துக்குக் கிடைக்கும் அந்த மரியாதை, இதழாசிரியர் என்ற முகத்துக்கும் கிடைக்க வேண்டும். ஞானபானுவின் பக்கங்கள் பாப்பாரப்பட்டிப் பள்ளியில் படிக்கப்படுவதே அவருக்குச் சரியான மாலை.

தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகள் 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டமாகப் பிரியும் வரை இதனோடு இருந்தன. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சக்கரவர்த்தித் திருமகனுக்காக 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். இந்த எல்லை மாற்றங்களால் எழுத்தாளர் பட்டியலை ஒரே மாவட்டத்துக்குள் அடைப்பது கடினம்.

அரூர் வட்டம் அலம்பாடியில் பிறந்த ஆதவன் தீட்சண்யா அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓசூரில் வாழும் அவர், கவிதையிலும் சிறுகதையிலும் தொடங்கி மீசை என்பது வெறும் மயிர் என்ற நாவல் வரை சாதியை நேருக்கு நேர் நின்று எழுதியவர். லிபரல்பாளையத்துக் கதைகள் அவருடைய அரசியல் எள்ளலுக்குப் பேர்பெற்றது. எழுதியதோடு அவர் நிற்கவில்லை. புதுவிசை என்ற கலாச்சாரக் காலாண்டிதழின் ஆசிரியராக இருந்து, பெரிய இதழ்கள் இடம் தராத குரல்களுக்கு ஓசூரிலிருந்து மேடை அமைத்தார். 1975இல் மதுரையில் தோன்றிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம், பின்னர் கலைஞர்களையும் பெயரில் சேர்த்துக்கொண்டு தமுஎகச ஆனது. அதன் பொதுச்செயலாளர் பொறுப்பையும் அவர் ஏற்றார். அச்சங்கத்தின் கிளைக் கூட்டங்களும் கலை இலக்கிய இரவுகளும் சிற்றூர் இளைஞருக்கு முதல் கவிதையை ஒலிபெருக்கியில் வாசிக்கும் வாய்ப்பைத் தந்தவை. கைத்தட்டலோடு திருத்தமும் அங்கேயே கிடைக்கும்.

இதே தொலைபேசித் துறைப் பணியால் தருமபுரிக்கு வந்த எழுத்தாளர் ஜெயமோகன். 1990இல் அகிலன் நினைவுப் போட்டிப் பரிசோடு அவருடைய முதல் நாவல் ரப்பர் வெளிவந்தது. கையெழுத்துப் படியாக இருந்த ஒரு நாவலைப் படித்துத் தேர்ந்து நூலாக்கிய அந்தப் போட்டி, புதியவரை ஆதரிக்கும் முறைகளில் மிகப் பயன்பட்ட ஒன்று. 1990களின் முற்பகுதியில் அவர் தருமபுரியில் பணிபுரிந்து, இங்கே குடும்பத்தோடு வாழ்ந்தார்.

அரசின் ஆதரவில் மிக அமைதியாக நடப்பது நூலகம். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்தியா விடுதலை பெற்றபின் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டங்களுள் ஒன்று. சொத்து வரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரியால் மாவட்ட மைய நூலகமும் கிளை, ஊர்ப்புற நூலகங்களும் இயங்குகின்றன. பெரும் விற்பனை இல்லாத கவிதைத் தொகுப்புக்கும் சிறுகதைத் தொகுப்புக்கும் நூலகக் கொள்முதலே அச்சுச் செலவை மீட்டுத் தரும் வழி. அந்தக் கொள்முதல் தள்ளிப்போகும் ஆண்டுகளில் சிறு பதிப்பாளர் புதியவரின் நூலைத் தொடத் தயங்குகிறார், இழப்பு எழுத்தாளருக்கே. நூலகத்தோடு சேர்ந்த வாசகர் வட்டங்கள் உள்ளூர் எழுத்தாளர் முதல்முறையாக முகம் தெரியாத வாசகரைச் சந்திக்கும் இடம். தமிழ் வளர்ச்சித் துறை தகுதியான நூல்களை அச்சிட நிதியுதவி செய்கிறது. மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் தமிழ்ச் செம்மல் விருது வழங்கும் வழக்கம் 2015 முதல் உண்டு. சென்னைக்கு வெளியே இருந்து தமிழுக்கு உழைப்பவரை அவருடைய மாவட்டத்தின் பெயரோடு அரசு அடையாளம் காட்டுவது இதன் சிறப்பு.

அண்மைக்காலத்தில் இம்மாவட்டத்தில் மிகப் பெரிய மாற்றத்தை உண்டாக்கியது தகடூர் புத்தகப் பேரவை. மருத்துவரும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான இரா. செந்தில் உள்ளிட்டோர் முன்னின்று நடத்தும் இந்த அமைப்பு, மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்து தருமபுரி புத்தகத் திருவிழாவை நடத்திவருகிறது. 2022க்குப் பின் தமிழக அரசு எல்லா மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழா நடத்த நிதி ஒதுக்கியது. அதற்கு முன்பே இங்கே அது தொடங்கிவிட்டது. தொழிற்சாலைகள் குறைந்த, வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ஆட்கள் போகும் மாவட்டத்தில் பொதுமக்களே முன்வந்து ஒரு புத்தக விழாவை நிலைநிறுத்தியது சாதாரணச் செயல் அன்று. பகலில் பள்ளி மாணவர் வரிசை, மாலையில் மேடைப் பேச்சு என்று நடக்கும் அந்த நாட்களில் உள்ளூர் எழுத்தாளர் தம் நூலோடு தம் ஊர்க்காரரையே சந்திக்கிறார்.

இந்த முயற்சி ஏன் இங்கே அவசியம் என்பதை ஓர் எண் சொல்லும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு. மாநில சராசரி 80.09. தமிழக மாவட்டங்களில் தருமபுரியே கடைசி. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள ஊர்கள் எல்லையோரம் நிறைய. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களில் பள்ளிக்குப் போன முதல் தலைமுறை இன்னும் வகுப்பறையில் இருக்கிறது. இங்கே எழுத்தாளர் உருவாவது என்பது பல வீடுகளில் வாசகர் உருவாவதற்குச் சமம். வீட்டில் செய்தித்தாளும் இல்லாத பிள்ளைக்குக் கதை எழுதலாம் என்ற எண்ணம் வர, அதைப் படித்துப் பார்க்கும் ஓர் ஆசிரியர் தேவை.

பள்ளிக் கல்வித் துறை 2022இல் தொடங்கிய ஊஞ்சல், தேன்சிட்டு ஆகிய மாணவர் இதழ்கள் அந்த வகையில் முக்கியமானவை. அரசுப் பள்ளி மாணவரின் கதையும் பாட்டும் ஓவியமும் அவற்றில் அச்சாகின்றன. அந்த இதழ்கள் பென்னாகரத்துக்கும் அரூருக்கும் பாலக்கோட்டுக்கும் வருகின்றன. அவற்றின் பிரதிகளைப் பள்ளி அலமாரியில் பூட்டி வைக்காமல் பிள்ளைகள் கையில் கொடுத்து, எழுதி அனுப்பச் சொல்லும் ஆசிரியர் இருக்கும் ஊரிலிருந்து படைப்புகள் போகின்றன. மற்ற ஊர்களிலிருந்து போவதில்லை.