மயிலாப்பூர் விடுதியும் மூன்று மாத மாத்திரையும்

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, ரத்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு கணவரோடு காட்பாடிக்கு ரயிலேறினார். ஆய்வுத் தலைப்பைக் கொடுத்தவர் பேராசிரியர் சுனிதி சாலமன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட கதை இதுதான். நிர்மலாவின் பெயர் பரவலாகத் தெரியவரவே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

நான் கேட்க விரும்புவது வேறு: அந்த ரத்தம் யாருடையது? பாலியல் தொழில் வழக்குகளில் பிடிபட்டு மயிலாப்பூர் காவல் விடுதியில் அடைக்கப்பட்டிருந்த பெண்களுடையது. எதற்கான சோதனை என்று அவர்களிடம் சொல்லவில்லை என நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் கூறியிருக்கிறார். அன்று அது யாருக்கும் உறுத்தவில்லை. ஆண் வாடிக்கையாளர்களைத் தேடிப்போய் ஊசி குத்த வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. பிறகு நடந்தது இன்னும் மோசம். தொற்று இருந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்து, 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே கதவு திறந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த வரலாறுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. வீட்டு வாசலில் ஸ்டிக்கர், சில தெருக்களில் தகரத் தடுப்பு. நோயைத் தடுக்கிறோம் என்று ஆளை அடையாளம் காட்டும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

மருத்துவ ரீதியாகவும் இரண்டும் அப்போது குறுக்கிட்டன. எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் லோபினாவிர்-ரிடோனாவிர் மாத்திரையைக் கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை என்று அதே ஆண்டு ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு சொல்லிவிட்டது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கொரோனா தீவிரமாகவோ உயிரிழப்பிலோ முடியும் ஆபத்து சுமார் 30 சதவீதம் கூடுதல் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, நோய் எதிர்ப்பு அணுக்கள் போதிய அளவில் இருப்பவர்களுக்கு நிலைமை அத்தனை மோசமில்லை. ஆக, எல்லாம் மாத்திரை தவறாமல் கையில் கிடைப்பதில் வந்து நின்றது.

கிடைப்பது அத்தனை எளிதா? தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று பக்கத்து மாவட்டத்துக் கூட்டு மருந்து மையத்தில் பெயரைப் பதிந்துகொண்ட பெண்கள் உண்டு. பேருந்து கிடையாது. மாவட்ட எல்லை தாண்ட இ-பாஸ். அதற்குக் காரணம் எழுத வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம், எச்.ஐ.வி. நிலையை வெளியிடும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. சோதனைச் சாவடியில் லத்தியோடு நிற்பவரிடம் எந்தச் சட்டப் பிரிவைக் காட்டுவது?

மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கச் சொன்னது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு. நல்ல முடிவு, பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் மூன்று டப்பாவை வீட்டில் எங்கே வைப்பது? எனக்குத் தெரிந்த ஒருவர் மாத்திரைகளைத் துணியில் முடிந்து உளுந்து டப்பாவுக்குள் புதைத்து வைப்பார். டப்பாவோடு வைத்தால் குலுங்கும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஊரடங்கில் கணவர், மாமியார், பிள்ளைகள் என்று பகல் முழுக்க எல்லாரும் வீட்டில். இரவு எல்லாரும் தூங்கிய பிறகு, அடுப்படியில் விளக்குப் போடாமல் விழுங்கினாராம்.