நூறு கலம் நெல்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைக் கட்டடக்கலைக்காகவும் செப்புத் திருமேனிகளுக்காகவும் தேடிப் படிப்பவர்களே மிகுதி. அவற்றைக் கூலிக் கணக்காகவும் படிக்கலாம். முதலாம் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டு (ஏறத்தாழ கி.பி. 1014) வரையிலான ஏற்பாடுகளைக் கூறும் நீண்ட கல்வெட்டொன்று, கோயிற் பணியாளர்களையும் அவர்களுக்குரிய நெல்லையும் பெயர்வாரியாக அடுக்குகிறது.

முதலில் வருவோர் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஆரூர், ஐயாறு, பழையாறு எனச் சோழ மண்டலத்துக் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்றும், அது ராஜகேசரிக்கு ஒக்கும் என்றும் கல்வெட்டு குறிக்கிறது. மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்ட காலம் அது. அளவையைச் சொல்லாத கூலி, குறைத்து அளக்க இடம் தரும் கூலி.

இந்தப் பங்கே மற்றத் தொழில்களுக்கும் அலகு. நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. தலைமைத் தச்சன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சனுக்கு ஒன்றரை. அவனுக்குக் கீழ் இருந்த இருவருக்கு முக்கால் முக்கால். அதாவது துணைத் தச்சனின் 75 கலத்தைக் காட்டிலும் ஆடல் மகளின் 100 கலம் கூடுதல். திருப்பதியம் பாடிய 48 பேருக்கும், உடன் வாசித்த இருவருக்கும் வேறு ஏற்பாடு: நாளொன்றுக்கு முக்குறுணி நெல். 12 குறுணி ஒரு கலம் என்பதால், 360 நாளுக்கு 90 கலம் ஆகிறது. பாட்டும் ஆட்டமும் ஏறக்குறைய ஒரே விலை பெற்றிருக்கின்றன.

பணி செய்தவர் இறந்தாலோ, ஊரைவிட்டுப் போனாலோ, நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறலாம். தகுதியில்லை என்றால், தகுதியுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும். ஆக, பங்கு தொழிலைச் சார்ந்தது. தொழிலோ குடும்பத்தைச் சார்ந்தது. இது பாதுகாப்பு, கட்டும் இதுவே. அந்த 400 பெண்களும் விரும்பி வந்தார்களா என்பதைக் கல் சொல்வதில்லை.

இன்னொன்றையும் அது சொல்வதில்லை. இத்தனை ஆயிரம் கலம் நெல்லும் எங்கோ விளைந்தாக வேண்டும். கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களின் பட்டியலும் அதே கோயிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் இறையிலி நிலமாகக் கழிக்கப்படுகிறது. நாவிதன் வரை பெயர் சொல்லும் ஆவணத்தில், சேற்றில் இறங்கி உழைத்தவர் வரி கழிக்கும் நிலக் கணக்கில் ஒரு குடியிருப்பாக மட்டுமே எஞ்சுகிறார். அவருடைய கூலி எத்தனை நாழி என்பதற்கு அங்கே ஒரு வரி இல்லை.

சோழர் காலச் செழிப்பைப் பேசும்போது நூறு கலத்தைச் சொல்லுங்கள். அதை அளந்து கொடுத்த களத்தில், அறுத்தவர் கைக்கு என்ன வந்தது என்ற கேள்வியையும் சேர்த்தே சொல்லுங்கள்.