பக், மட்டை, கால்: ஐஸ் ஹாக்கி வீடியோ கேம்களில் உண்மை வந்த வரிசை

கனடாவில் ஐஸ் ஹாக்கி பழக வரும் குழந்தைக்கு முதல் பாடம் நிற்பதுதான். சறுக்குக் காலணியைக் கட்டிக்கொண்டு விழாமல் நிற்க வேண்டும், பிறகு நகர வேண்டும், நகர்ந்தபின் நிறுத்தத் தெரிய வேண்டும். மட்டை அதன்பிறகுதான் கைப்பழக்கமாகும். பக் என்று அழைக்கப்படும் ரப்பர் வட்டைக் குறிபார்த்து அடிப்பது இன்னும் பின்னால். கன்சோலில் வந்த ஐஸ் ஹாக்கி கேம்கள் இதே பாடத்தைப் பின்னாலிருந்து முன்னால் படித்திருக்கின்றன. அவற்றில் பக் 1980களிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. மட்டை 2006இல்தான் ஆடுபவரின் கைக்கு வந்தது. கால்கள் வந்து சேர 2012 ஆயிற்று. ஏன் இப்படி நடந்தது என்று பார்த்தால், ஒரு கேமில் எது உண்மை, எது விளையாட்டு என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கிறது.

இந்த ஆட்டத்தின் இயல்பே கணினிக்குச் சிக்கலானது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் ஆடுகளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். அணிக்கு ஐந்து வீரர்களும் ஒரு கோல்கீப்பரும் இறங்குகிறார்கள். பக்கின் எடை ஏறக்குறைய 170 கிராம். சுற்றிலும் பலகைச் சுவர் இருப்பதால், அதில் மோதிய பக் திரும்பி வந்து ஆட்டத்தைத் தொடரவைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, களத்தில் எதுவும் சட்டென்று நிற்பதில்லை. கால்பந்து வீரர் ஓட்டத்தை நிறுத்தினால் இரண்டொரு அடியில் நின்றுவிடுவார். பனித்தளத்தில் கால் அசைவை நிறுத்தினாலும் உடல் முன்னே போய்க்கொண்டே இருக்கும். ஜாய்ஸ்டிக்கை விட்டால் பொம்மை நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் கட்டைவிரலுக்கு இது நேர் எதிரி.

1981இல் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக ஆலன் மில்லர் அடாரி 2600 கன்சோலில் உருவாக்கிய 'ஐஸ் ஹாக்கி' இந்தச் சிக்கலில் பெரும்பகுதியை வெட்டி எறிந்தது. அணிக்கு இருவர், மூன்று நிமிட ஆட்டம், கையில் ஒரே ஒரு பட்டன். அந்தச் சிக்கனத்துக்குள் ஒரு நுட்பம் இருந்தது. பக்கைத் தள்ளிக்கொண்டு போகும்போது அது மட்டையின் தகட்டில் இங்குமங்கும் நகர்ந்துகொண்டிருக்கும். பட்டனை அழுத்தும் கணத்தில் அது தகட்டின் எந்த இடத்தில் இருக்கிறதோ, அதைப் பொறுத்து அடியின் கோணம் மாறும். எனவே பக் போகும் திசையைத் தீர்மானித்தது ஆடுபவரின் கால அளவு. பக் கையில் இல்லாதபோது அதே பட்டன் எதிரியின் காலை வாரிவிடும். தகட்டில் பக் எங்கே இருக்கிறது என்பது அதன்பின் கால் நூற்றாண்டுக்கு எந்தப் பெரிய கேமிலும் இவ்வளவு முக்கியமாகவில்லை.

1988இல் நின்டெண்டோ வெளியிட்ட 'ஐஸ் ஹாக்கி' உடலின் எடையைக் கையில் எடுத்தது. ஆடுபவர் தன் நால்வரை மூன்று உருவங்களிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம். ஒல்லியானவர் விரைவாகச் சறுக்குவார், ஆட்டத் தொடக்கத்தில் பக்கைத் தட்டி எடுப்பதில் கெட்டிக்காரர், மோதலில் உருண்டுவிடுவார். பருமனானவர் மெல்ல நகர்வார், அடித்தால் பக் பாயும், அவரைச் சாய்ப்பது கடினம். நடுத்தரமானவர் இரண்டுக்கும் இடையில். வீரர்களுக்குப் பெயர் கிடையாது, புள்ளிவிவரம் கிடையாது. ஆனாலும் நிஜ ஹாக்கிப் பயிற்சியாளர் அணியைத் தேர்வு செய்யும்போது வேகத்தையும் பலத்தையும் எப்படி எடைபோடுவாரோ, அந்தத் தலைவலி முழுதும் இந்தச் சிறு திரையில் இருந்தது. ஐஸ் ஹாக்கி கேம்களின் வரலாற்றில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு உண்மையைச் சொன்ன வேறொன்றைக் காட்டுவது கடினம்.

அதே ஆண்டு வீட்டுக் கன்சோலுக்கு வந்த கொனாமியின் 'பிளேட்ஸ் ஆஃப் ஸ்டீல்' வேறு வழியில் போனது. இரு வீரர்கள் மீண்டும் மீண்டும் மோதிக்கொண்டால் குத்துச்சண்டை தொடங்கும். தோற்றவர் மட்டும் தண்டனைப் பெட்டிக்குப் போவார். என்எச்எல் விதிப்படி சண்டை போட்ட இருவருக்குமே ஐந்து நிமிடத் தண்டனை உண்டு. கொனாமி விதியைத் திருத்தியதில் காரணம் இருக்கிறது: இருவரும் வெளியேறினால் சண்டையில் ஜெயித்து என்ன பயன்? நிஜத்தில் சண்டை அணிக்கு வெறியேற்றும், அரங்கத்தை எழுப்பும். கேமில் அந்த உணர்ச்சிக்கு ஈடாக ஒரு வீரர் கூடுதலாகக் கிடைத்தார். விதி பொய்யானது, விளைவு மெய்யானது.

1991இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் சேகா ஜெனிசிஸ் கன்சோலுக்கு 'என்எச்எல் ஹாக்கி'யைக் கொண்டுவந்தபோது களம் செங்குத்தாகத் திரும்பியது. அதற்கு முந்தைய இரண்டு கேம்களிலும் களம் இடமிருந்து வலமாக ஓடியது. இப்போது ஒரு கோல் கம்பம் மேலே, ஒன்று கீழே. பக்கோடு முன்னேறும் வீரருக்கு எதிரே கோல் வாயின் முழு அகலமும் தெரிந்தது. கோல்கீப்பரின் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தேர்ந்தெடுத்து அடிக்க முடிந்தது. ஆஃப்சைடும் தண்டனைகளும் இருந்தன, வேண்டாமென்றால் அணைத்தும் வைக்கலாம்.

உரிமங்களின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. முதல் ஆண்டில் லீக்கின் உரிமம் இருந்தது, வீரர்கள் சங்கத்தின் உரிமம் இல்லை. அணிகளுக்கு அடையாளம் இருந்தது, வீரர்களுக்கு எண் மட்டுமே. அடுத்து வந்த 'என்எச்எல்பிஏ ஹாக்கி 93'இல் நிலைமை மாறியது: வீரர்கள் பெயரோடு வந்தார்கள், அணிகள் வெறும் நகரப் பெயர்களாகச் சுருங்கின. 1993இல் வெளியான 'என்எச்எல் 94'இல்தான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. அதற்கு ஒரு விலை இருந்தது. முந்தைய பதிப்பில் சண்டை இருந்தது, காயம்பட்டு விழுந்தவரின் தலையிலிருந்து ரத்தம் பனித்தளத்தில் பரவியது. லீக் அதை விரும்பவில்லை, சண்டை நீக்கப்பட்டது. 1996இல் வந்த 'ஸ்விங்கர்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் நண்பர்கள் சோபாவில் உட்கார்ந்து இதைப் பற்றிப் புலம்பும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. நிஜ ஆட்டத்தில் அன்றாடம் நடந்துகொண்டிருந்த ஒன்று, நிஜ லீக்கின் முத்திரை கிடைத்ததாலேயே கேமிலிருந்து போனது.

சண்டை போனது, அதைவிடப் பெரிய ஒன்று வந்தது. மைக்கேல் புரூக் தயாரித்து மார்க் லெஸ்ஸர் நிரல் எழுதிய இந்த 94ஆம் பதிப்பு 'ஒன் டைமர்' அடியை அறிமுகப்படுத்தியது. ஜெனிசிஸ் கன்ட்ரோலரில் ஒரு பட்டன் பக்கைக் கடத்தும், இன்னொன்று கோலை நோக்கி அடிக்கும். கடத்திய பக் கூட்டாளியை அடையும் முன்பே அடிக்கும் பட்டனை அழுத்தினால், அவர் பக்கை நிறுத்தாமல் வந்த வேகத்திலேயே திருப்பி அடிப்பார். கோல்கீப்பர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்து முடிக்குமுன் வலை அசையும். இரண்டு பட்டன்கள், அரை நொடி இடைவெளி. ஐஸ் ஹாக்கியின் இதயமான கூட்டாட்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அரங்கத்து ஆர்கன் இசையும் தற்செயலாகச் சேர்க்கப்பட்டதல்ல. டீட்டர் ரூலே என்ற ஆர்கன் கலைஞரின் உதவியோடு அந்தந்த அணியின் சொந்த அரங்கில் ஒலிக்கும் மெட்டுகள் இடம்பெற்றன.

இந்தக் கேமின் உள்ளே ஒரு பிழையும் உண்டு. மோதலில் எடை தலைகீழாக வேலை செய்கிறது. எடை குறைந்த வீரர் கனத்த வீரரை எளிதில் வீழ்த்திவிடுவார். கால்கரி அணியின் தியோ ஃப்ளூரி போன்ற குள்ளமான, சுறுசுறுப்பான வீரர்கள் இதனால் இடிக்கவும் ஆற்றல் பெற்றார்கள். இயற்பியல்படி அப்பட்டமான தவறு. ஆனால் அதை அறிந்தவர்கள் அணி தேர்வு செய்யும் முறையே மாறியது. பக்கோடு கோல் வாயைக் குறுக்காகக் கடந்து, கோல்கீப்பர் பின்தொடரும் கணத்தில் எதிர்ப்பக்கம் தட்டிவிடும் தந்திரமும் அப்படித்தான்: நிஜத்தில் அபூர்வம், இங்கே அன்றாடம். இவ்வளவு இருந்தும் இதற்கு இன்றுவரை போட்டிகள் நடக்கின்றன. தவறுகள் இருவருக்கும் பொதுவாகவும் முன்கூட்டியே தெரிந்தவையாகவும் இருந்ததால், அவையே விதியாகிவிட்டன.

நேரத்தைச் சுருக்குவதும் ஒரு பொய்தான், தவிர்க்க முடியாதது. என்எச்எல் ஆட்டம் 60 நிமிடம், இரு அணிகளும் சேர்ந்து சுமார் 60 முறை கோலை நோக்கி அடிக்கும், ஆறு கோல் போல விழும். வீட்டில் யாரும் அவ்வளவு நேரம் உட்காருவதில்லை. மூன்று பகுதிகளையும் ஐந்தைந்து நிமிடமாக்கி மற்றெல்லாவற்றையும் நிஜ விகிதத்திலேயே வைத்தால், ஒரு ஆட்டத்தில் 15 அடிகளும் ஒன்றரை கோலும்தான் கிடைக்கும். அதனால் ஏதாவது ஒன்றை வளைத்தே ஆக வேண்டும்: சறுக்கும் வேகத்தைக் கூட்டலாம், கடத்தலை எளிதாக்கலாம், கோல்கீப்பரைத் தளர்த்தலாம். எதை வளைப்பது என்பதில்தான் ஒவ்வொரு கேமின் குணமும் இருக்கிறது.

சிலர் எல்லாவற்றையும் வளைத்தார்கள். 1996இல் நின்டெண்டோ 64க்கு வந்த 'வெய்ன் கிரெட்ஸ்கீஸ் 3டி ஹாக்கி'யில் பக் தீப்பற்றிப் பறக்கும், கோல்கீப்பர் செங்கல் சுவராக மாறுவார். 2001இல் மிட்வே வெளியிட்ட 'என்எச்எல் ஹிட்ஸ்' அணிக்கு மூவர் என்று களத்தைக் காலியாக்கி மோதலைக் கொண்டாடியது. மறுபக்கம், 2000ஆம் ஆண்டு ட்ரீம்காஸ்டில் தொடங்கிய 'என்எச்எல் 2கே' வரிசை பல ஆண்டுகள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு உண்மையான போட்டியாக நின்றது. அந்தப் போட்டி இல்லாமல் அடுத்த திருப்பம் இவ்வளவு விரைவில் வந்திருக்காது.

அந்தத் திருப்பம் 2006இல் எக்ஸ்பாக்ஸ் 360இல் வந்த 'என்எச்எல் 07'. அதுவரை அடி என்பது ஒரு பட்டன். அழுத்தினால் அடித்தார், அழுத்திப் பிடித்தால் பலமாக அடித்தார். 'ஸ்கில் ஸ்டிக்' என்ற புதிய முறையில் கன்ட்ரோலரின் வலது குச்சியே வீரரின் மட்டையானது. குச்சியை இடம் வலம் அசைத்தால் பக் ஃபோர்ஹேண்டுக்கும் பேக்ஹேண்டுக்கும் போய் வரும். நேரே முன்னே தள்ளினால் மணிக்கட்டு அடி. பின்னே இழுத்து முன்னே தள்ளினால் மட்டையை ஓங்கி அடிக்கும் 'ஸ்லாப் ஷாட்'. ஓங்குவதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் எதிராளி வந்து பறித்துவிடலாம். நிஜ வீரருக்கு இருக்கும் அதே பேரம் கட்டைவிரலுக்கும் வந்துவிட்டது. இந்த வரிசையின் தயாரிப்பாளர்களில் ஒருவரான டேவிட் லிட்மன், முன்பு என்எச்எல்லில் மூன்று ஆட்டங்கள் ஆடிய கோல்கீப்பர். தன்னை நோக்கி அடி ஓங்கப்படுவதை நேரில் கண்டவர் அந்தக் குழுவில் இருந்தது வீண்போகவில்லை.

2008இல் வந்த 'என்எச்எல் 09' இதே குச்சியைத் தற்காப்புக்கும் நீட்டியது. மட்டையால் குத்திப் பறிக்கலாம், எதிரியின் மட்டையைத் தூக்கிவிடலாம். ஒவ்வொரு மனிதரும் ஒரே ஒரு வீரராக இறங்கும் இணையவழி அணி ஆட்டமும் அப்போதுதான் தொடங்கியது. பக் எங்கோ இருக்க, தன் இடத்தைக் காத்துக்கொண்டு காத்திருக்கும் பொறுமை அதுவரை எந்தக் கேமும் கேட்காதது. வரைகலை தராத ஓர் உண்மையை இன்னொரு மனிதரின் இருப்பு தந்தது.

கால்கள் மட்டும் இன்னும் பொய்யாகவே இருந்தன. முழு வேகத்தில் வருபவர் கிட்டத்தட்ட வேகம் குறையாமல் திரும்பிவிடுவார். 2012இல் 'என்எச்எல் 13' சறுக்கலை அடியோடு மாற்றி எழுதியது. நின்ற நிலையிலிருந்து வேகமெடுக்க நேரம் பிடித்தது. வேகம் கூடக்கூடத் திரும்பும் வளைவு அகன்றது. தவறான பக்கம் பாய்ந்த தற்காப்பு வீரர் நின்று திரும்புவதற்குள் பக் அவரைத் தாண்டிவிடும். பழகியவர்களுக்கு முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். இடம் அறிந்து முன்கூட்டியே நகர்வது அதன்பிறகே கேமில் ஒரு திறமையாக மதிப்புப் பெற்றது. கால் கடைசியாக வந்ததற்குக் காரணமும் இங்கே தெரிகிறது: பக்கும் மட்டையும் சேர்ந்தால் ஆடுபவருக்குப் புதிய வித்தைகள் கிடைக்கின்றன. கால்கள் சேரும்போது இருந்த சுதந்திரம் குறைகிறது. வாங்குபவரிடமிருந்து எதையாவது பறிக்கும் உண்மையை எந்த நிறுவனமும் தள்ளித்தான் போடும்.

யார் ஆடுகிறார்கள் என்பதும் உண்மையின் ஒரு பகுதி. 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் பெண் வீராங்கனையை உருவாக்கும் வசதி வந்ததற்கு, 14 வயதுச் சிறுமி ஒருவர் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் காரணம். அடுத்த ஆண்டே நிஜ வீராங்கனைகளான ஹேலி விக்கன்ஹைசரும் ஆஞ்சலா ருஜேரோவும் தங்கள் சொந்தப் பெயரில் களமிறங்கினார்கள். 'என்எச்எல் 23'இன் அட்டையில் வீராங்கனை சாரா நர்ஸ் இடம்பெற்றார்.

2014இல் புதிய தலைமுறைக் கன்சோல்களுக்கு வந்த 'என்எச்எல் 15' பார்வைக்கு அதுவரை இல்லாத அழகு. தொலைக்காட்சி ஒளிபரப்பைப் போன்ற தோற்றம், உடலோடு ஒட்டாமல் தனியே அசையும் சட்டை, களத்தில் உள்ள 12 பேரும் ஒரே குவியலாக மோதிச் சரியும் இயற்பியல். ஆனால் இணையவழி அணி லீக் அதில் இல்லை. ரசிகர்கள் கொதித்தார்கள், மறு ஆண்டு அது திரும்ப வந்தது. கண்ணுக்கான உண்மைக்காகத் தங்கள் கூட்டாட்டத்தை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை, அதில் நியாயமும் இருந்தது.

2020இல் அதே நிறுவனம், 94ஆம் பதிப்பின் ஆட்டத்தை அன்றைய அணிப் பட்டியலோடு 'என்எச்எல் 94 ரீவைண்ட்' என்ற பெயரில் மறுபடி வெளியிட்டது. 2024இல் வந்த 'என்எச்எல் 25'இன் பெருமுயற்சி வேறு திசையில்: மனிதர் இயக்காத வீரர்களும் ஆட்டத்தின் போக்கைப் பார்த்து இடம் மாறுவது. இப்போது ஒன் டைமரிலும் அழுத்தும் நேரம் சரியாக அமைந்தால் அடி கூர்மையாகிறது. கோல்கீப்பரோ இன்னும் பழைய இடத்தில்தான் நிற்கிறார். அவரை நிஜத்தைப் போல நன்றாக ஆடவிட்டால் 15 நிமிட ஆட்டத்தில் கோல் விழாது. தளர்த்தினால், எந்த இடத்திலிருந்து அடித்தால் தவறாமல் விழும் என்பதை ஆடுபவர்கள் சில வாரங்களில் கண்டுபிடித்துவிடுகிறார்கள், திருத்தம் வரும்வரை எல்லாரும் அங்கிருந்தே அடிக்கிறார்கள்.