தோற்ற அணிகள் எழுந்த வரலாறு

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளின் ஓரத்திலே, கேரளமும் தமிழ்நாடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் சிற்றூர் பனச்சமூடு. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு முதலிய நான்கு தென்வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லை வகுத்தாயிற்று. ஆயினும் இரு மொழியும் கலந்து வழங்கும் பேச்சு மாறவில்லை. பந்தின்மீது இளைஞர்க்குள்ள மோகமும் மாறவில்லை. இங்கிருந்து தெற்கே கடற்கரைக்குச் சென்றால், எல்லைக்கு இப்புறம் பொழியூர், அப்புறம் தூத்தூரும் இரவிபுத்தன்துறையும். இம்மீனவர் ஊர்கள் எல்லாம் கால்பந்தாட்டத்திற்குப் பெயர்பெற்றவை.

பந்தாட்டம் பார்க்கும் கூட்டத்தின் இயல்பு எங்கும் ஒன்றே. அணி தோற்றால், ‘அவனை எடு, இவனைப் போடு’ என்ற குரல் நாற்புறமும் எழும். ஆளை மாற்றினால் அணி தேறிவிடுமா? அல்லது அதே ஆட்களை வேறு விதமாக நிறுத்தி, வேறு விதமாக ஆடச் செய்தால் தேறுமா? விளையாட்டு வரலாற்றைச் சற்றே புரட்டினால் இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும். மூன்று அணிகளின் கதையை இங்கு ஆராய்வோம். ஒன்று கூடைப்பந்தாட்டத்தைச் சார்ந்தது. மற்ற இரண்டும் நம் நாட்டுக் கால்பந்தாட்டத்தைச் சார்ந்தவை.

கூடைப்பந்தாட்டம் தானாக வளர்ந்த ஆட்டமன்று. ஒருவர் உட்கார்ந்து சிந்தித்து உண்டாக்கியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், 1891 ஆம் ஆண்டு டிசம்பரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், பழக்கூடைகளை மாட்டி அதனைத் தொடங்கிவைத்தார். அந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920 ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். ஆகவே இவ்வாட்டத்திற்கும் தமிழகத்திற்கும் நூறாண்டுத் தொடர்பு உண்டு.

அமெரிக்காவில் அது ஊதியம் பெற்று ஆடும் தொழில்முறை ஆட்டமாயிற்று. பின்னர் அதில் ஒரு நெருக்கடி வந்தது. 1950 ஆம் ஆண்டு நவம்பர் 22 ஆம் தேதி ஃபோர்ட் வெய்ன் அணி, வலிமை மிக்க மினியாபொலிஸ் அணியை எதிர்த்தது. மினியாபொலிஸில் ஜார்ஜ் மைக்கன் என்ற நெடிய வீரர் இருந்தார். அவரிடம் பந்து போகக்கூடாது என்று கருதிய ஃபோர்ட் வெய்ன் வீரர்கள், பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு காலங் கடத்தினார்கள். ஆட்ட முடிவில் 19-க்கு 18 என்ற கணக்கில் அவர்களே வென்றார்கள். வெற்றி கிடைத்தது, பார்க்க வந்தவர்களுக்கோ அலுப்பே மிஞ்சியது. இக்குறையைப் போக்கச் சிராக்கியூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் ஓர் எளிய கணக்குப் போட்டார். ஆட்டநேரம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. நல்ல ஆட்டமொன்றில் இரு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன. 2,880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. எனவே பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பருவத்தின் முடிவில், 1955 இல், கோப்பையை வென்றதும் சிராக்கியூஸ் அணியே.

இவ்விதி வேகத்தைக் கட்டாயமாக்கியது. வேகமாக ஆடத் தெரிந்தும் வெல்லத் தெரியாத அணி ஒன்று அப்போது இருந்தது. அதுவே பாஸ்டன் அணி. 1950 முதல் அதற்குப் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக். பந்தைக் கடத்துவதில் ஈடிணையற்ற பாப் கூசி அதில் இருந்தார். புள்ளிகள் குவிந்தன, ஆயினும் 1956 வரை அவ்வணி இறுதிப் போட்டியை எட்டவில்லை. ஏன்? எறிந்து தவறிய பந்தைக் கைப்பற்ற ஆளில்லை. எதிரியைத் தடுக்க முறையில்லை. ஆவர்பாக் நோயின் மூலத்தைக் கண்டார். புள்ளி குவிக்கும் மற்றொரு வீரரைத் தேடாமல், தடுப்பதில் வல்லவரான பில் ரசல் என்பவரைப் பெற முனைந்தார். ரசல் கூடையருகே காவல் நிற்பார். மற்றவர்கள் எதிரியைத் துணிந்து நெருக்கலாம். எதிரி தப்பி உள்ளே வந்தாலும் ரசலைத் தாண்ட வேண்டும். அவர் பிடித்த பந்து உடனே கூசியின் கைக்குப் போகும். எதிரி திரும்பு முன் அது மறு கூடைக்குப் பாயும். தடுப்பே தாக்குதலின் தொடக்கமாயிற்று. 1957 இல் பாஸ்டன் முதன்முறையாகக் கோப்பையை வென்றது. 1969 வரையுள்ள 13 பருவங்களில் 11 முறை அது வென்றது.

இங்கே ஆளும் மாறினார் என்பது உண்மை. ஆனால் எந்த ஆள் வேண்டும் என்பதை முடிவு செய்தது அமைப்பைப் பற்றிய தெளிவேயாகும்.

ரசல் பாஸ்டனில் சேருமுன் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காக ஆடினார். 1956 டிசம்பர் முதல் தேதி, 89-க்கு 55 என்று சோவியத் அணியை வென்று அமெரிக்கா தங்கப்பதக்கம் பெற்றது. அதே நகரில், அதே நாளில், இந்தியக் கால்பந்தாட்ட அணி தன் சரித்திரத்தின் பெரிய வெற்றிகளுள் ஒன்றை அடைந்தது. அக்கதைக்கு இப்போது வருவோம்.

நான்காண்டுகளுக்கு முன், 1952 இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம் அணியை 10-க்கு 1 என்று தோற்கடித்தது. குளிர் மிகுந்த அந்நாட்டில் நம் வீரர்களிற் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர் என்ற பழைய வகுப்பே நம் நாட்டில் அப்போது வழக்கத்தில் இருந்தது. முந்திய ஆண்டில்தான் தில்லி ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று தங்கம் பெற்றிருந்தோம். அப்பெருமிதம் ஒரே நாளில் கரைந்தது.

அவ்வணியின் பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். 1909 இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் உருவாக்கிய ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. ஹெல்சிங்கித் தோல்வியை அவர் விதியென்று விட்டுவிடவில்லை; பாடமாக எடுத்துக்கொண்டார். இனி வீரர்கள் காலணி அணிந்தே ஆடவேண்டும் என்ற விதி வந்தது. 1953 இல் ஹங்கேரி அணி இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 6-க்கு 3 என்று வென்றது. நடு முன்னணி வீரர் கோலின் வாயிலில் காத்து நில்லாமல் பின்னுக்கு இறங்கி, தம்மைக் காவல் செய்யும் எதிரியையும் உடன் இழுத்து வந்து, பிறர் புகுவதற்கு வழி திறந்துவிட்டார். உலகையே வியக்கவைத்த இந்த உபாயத்தை ரஹீம் நம் அணிக்கும் கற்பித்தார். பின்காவலுக்கு மூவரை நிறுத்தினார். எந்தக் கால் வலுவற்றதோ அக்காலால் மட்டுமே ஆடும் போட்டிகளை நடத்தினார். பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டாமல் உடனே தோழனிடம் தள்ளிவிடும் பழக்கத்தை வற்புறுத்தினார்.

பலன் மெல்போர்னில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-க்கு 2 என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். நான்காவது கோலைப் போட்டவர் கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி. அடுத்த ஆட்டங்களில் யூகோஸ்லாவியாவிடமும் பல்கேரியாவிடமும் தோற்றபோதிலும், ஒலிம்பிக்கில் நான்காம் இடம் நமக்குக் கிடைத்தது. ஆசிய நாடு எதுவும் அதற்குமுன் ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் அந்நிலையை எட்டியதில்லை.

1962 இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-க்கு 0 என்று தோல்வி. தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் பின்காவல் வீரர் ஜர்னயில் சிங்குக்குத் தலையில் பலத்த காயம். தையல் போட்ட தலையோடு எதிரியின் தாக்குதலை முட்டித் தடுக்க அவரால் இயலாது. வேறு பயிற்சியாளராயின் அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார். ரஹீமோ அவரை முன்னணிக்கு மாற்றினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னயில் கோல் போட்டார். 3-க்கு 2 என்று வென்றோம். செப்டம்பர் 4 ஆம் தேதி இறுதிப் போட்டியில் மீண்டும் அதே தென்கொரியா. இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததனால், அரங்கு முழுதும் நம் அணிக்கு எதிராக ஆரவாரித்தது. அந்தக் கூச்சலுக்கிடையே பி.கே. பானர்ஜி முதல் கோலையும், காயம்பட்ட தலையுடனிருந்த ஜர்னயில் இரண்டாவது கோலையும் போட்டார்கள். 2-க்கு 1 என்று வென்று தங்கம் பெற்றோம்.

இந்த வரலாற்றில் வெளிமாநிலத் தமிழர்கள் தனியே மனத்தில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. இறுதிப் போட்டியில் கோல் காத்தவர் தங்கராஜ். செகந்திராபாதில் ஆடத் தொடங்கி, ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணியில் ஆடியவர். தொடக்கத்தில் அவர் நடு முன்னணி வீரர். கோல் காவலுக்கு மாறிய பின்னரே புகழடைந்தார். இடத்தை மாற்றினால் மனிதன் மலர்வான் என்பதற்கு அவரே சான்று. முன்னணியில் ஆடிய துளசிதாஸ் பலராம், செகந்திராபாதை அடுத்த அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். அருமைநாயகமும் எத்திராஜும் அக்குழுவில் இருந்தார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டுப் போன குடும்பங்களின் பிள்ளைகள், வங்காளியோடும் பஞ்சாபியோடும் ஹைதராபாத்தியோடும் மலையாளியோடும் ஒரே வரிசையில் நின்று வென்ற வெற்றி அது. நாட்டை மொழிவாரியாகப் பிரித்த அதே காலத்தில்தான், இத்தனை மொழியினரும் ஒருவர் கால் குறிப்பை ஒருவர் அறிந்து ஆடினார்கள்.

மூன்றாவது கதை அண்மைக் காலத்தது. சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் ஐ-லீக் என்னும் தொழில்முறைத் தொடரில் நுழைந்தபின், முதலிரு பருவங்களும் பட்டியலின் அடிப்பகுதியிலேயே உழன்றது. 2018 இல் அதன் சிறந்த வீரர் மைக்கேல் சூசைராஜ் வேறு அணிக்குச் சென்றுவிட்டார். நாம் முதலில் கூறிய இரவிபுத்தன்துறைதான் அவருடைய ஊர். சிறந்த வீரரை இழந்த அணி மேலும் தாழும் என்றே யாரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினிலிருந்து வந்த வீரர்களைப் பின்காவலில் ஒருவர், நடுவில் இருவர், முன்னணியில் ஒருவர் என்று அணியின் முதுகெலும்பாக நிறுத்தினார்; சுற்றிலும் நம் இளைஞர்களை ஆடவிட்டார். பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடும் ஆட்டத்தை விடுத்து, பின்னாலிருந்தே சிறுசிறு கடத்தலாகக் கட்டியெழுப்பும் ஆட்டத்தைக் கற்பித்தார். பெத்ரோ மான்சி 21 கோல் போட்டார். 2019 மார்ச் 9 ஆம் தேதி கோயம்புத்தூர் நேரு அரங்கில் கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிய ஈஸ்ட் பெங்கால் வென்றால், சென்னையும் வென்றாக வேண்டும் என்ற நிலை. பதறாமல் தம் முறையிலேயே ஆடிய சென்னை வீரர்கள் 3-க்கு 1 என்று வென்றார்கள். ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆயினும் 43-க்கு 42 என்று ஒரே புள்ளியில் கோப்பை தமிழகத்திற்கு வந்தது.

மொழிபெயர்ப்பு அலுவலில் நாம் நாள்தோறும் காண்பது ஒன்றுண்டு. சொற்கள் யாவும் சரியாக இருந்தும் வாக்கியம் நிற்பதில்லை. வரிசையை மாற்றியவுடன் பொருள் துலங்கிவிடுகிறது. அணியும் அத்தகையதே. திறமை சொல் போன்றது. அமைப்பு இலக்கணம் போன்றது.

எனினும் இவ்வரலாறு இத்துடன் முடியவில்லை. ரஹீம் 1963 ஜூனில் புற்றுநோயால் காலமானார். ஜகார்த்தா வெற்றிக்குப்பின் ஓராண்டும் நிறையவில்லை. ஆசிய விளையாட்டுக் கால்பந்தாட்டத்தில் 1970 இல் ஒரு வெண்கலம் கிடைத்ததே தவிர, தங்கம் மீண்டும் கிட்டவில்லை. 1960 ரோமாபுரிக்குப்பின் ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் நம் அணி இடம்பெறவும் இல்லை. சென்னை சிட்டிக் கழகத்தின் ஐ-லீக் வாழ்வும் 2020-21 பருவத்தோடு முடிந்தது. பாஸ்டனில் ஆவர்பாக் 1966 இல் பயிற்சிப் பொறுப்பை விட்டபோது, அதனை ரசலிடமே ஒப்படைத்தார். 1968 இலும் 1969 இலும் ரசல் வீரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து கோப்பையை வென்றார். வேறுபாடு இதில்தான் இருக்கிறது. அங்கே உபாயம் ஒருவர் தலையில் மட்டும் தங்கவில்லை, கழகத்தின் வழக்கமாயிற்று. இங்கே ஆசானோடு வித்தையும் போயிற்று.

ஆகவே தோற்கும் அணிக்கு வரலாறு தரும் அறிவுரை இரண்டு. முதலாவது, தோல்வியின் காரணத்தைத் தனி மனிதன்மேல் ஏற்றுமுன், அவனை நிறுத்திய இடம் சரிதானா என்று பார்ப்பது. இரண்டாவது, வெற்றி வந்தபின் அது எவ்வாறு வந்தது என்பதை எழுதிவைத்து, இளையோர்க்குக் கற்பித்து, நிறுவனமாக்குவது. முதலாவதை நம்மவர்கள் பன்முறை செவ்வனே செய்து காட்டினார்கள். இரண்டாவது இன்னும் செய்யவேண்டிய வேலையாகவே இருக்கிறது. பொழியூரிலும் தூத்தூரிலும், செகந்திராபாத்திலும் கல்கத்தாவிலும், பந்தின் பின்னே ஓடும் பிள்ளைகளுக்குத் திறமையில் குறைவில்லை. கற்பிக்கும் முறை ஆசானுக்குப் பின்னும் நிலைக்குமாயின், அவர்களுடைய முறையும் வரும்.