எம்டன் புகுந்த துறைமுகமும் கணினியின் வாசலும்

பலகாரத் தட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் காலி செய்துவிட்டு ஓடும் பேரனைப் பார்த்து, "சரியான எம்டன்டா இவன்!" என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த எம்டன் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு அது சென்னைக் கடற்கரைக்கு வந்தது. துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்துவிட்டு இருளில் மறைந்தது. அந்த இரவோடு அதன் பெயர் தமிழில் ஒரு சொல்லாகிவிட்டது.

அதே எம்டன் நம் நாட்டுக்கும் வந்தது. அது வந்த விதத்தில், இன்று கணினி பழகும் நம் மாணவச் செல்வங்களுக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பினாங்கில் நடந்தது

1914 அக்டோபர் 28, இன்னும் பொழுது விடியவில்லை. பினாங்குத் துறைமுகத்துக்குள் நான்கு புகைபோக்கிகள் கொண்ட ஒரு கப்பல் மெதுவாக நுழைந்தது. உண்மையில் எம்டனுக்கு இருந்தவை மூன்று புகைபோக்கிகளே. பிரிட்டிஷ் கப்பலைப் போலத் தோன்றுவதற்காக, கித்தான் துணியால் நான்காவது ஒன்றைப் பொய்யாகச் செய்து நிறுத்தியிருந்தார் அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். பார்த்தவர்கள், "நம்ம கப்பல்தான்" என்று இருந்துவிட்டார்கள்.

துறைமுகத்தில் ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பல் நங்கூரமிட்டிருந்தது. அதன் தலைவர் அன்றிரவு கரையில் தங்கியிருந்தார். கப்பலில் காவலும் சரியாக இல்லை. எம்டன் மிக அருகே வந்ததும் ஜெர்மானியக் கொடியை ஏற்றிச் சுட்டது. சில நிமிடங்களில் ஜெம்சுக் மூழ்கியது. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். வெளியே செல்லும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் எம்டன் மூழ்கடித்தது. அந்த ரஷ்ய மாலுமிகளின் நினைவுச் சின்னத்தைப் பினாங்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இன்றும் காணலாம்.

பினாங்குக் கடலில் பீரங்கிக்குப் பஞ்சமில்லை. "நீ யார்? அதற்கு அடையாளம் என்ன?" என்று கேட்க ஆளில்லை. உருவத்தைப் பார்த்து உள்ளே விட்டதுதான் அன்று நடந்த தவறு.

கணினிக்கும் துறை உண்டு

நமது பாகான் டத்தோ, பேராக் ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே உள்ள ஊர். 'பாகான்' என்ற மலாய்ச் சொல்லுக்குப் படகு கரையேறும் துறை என்ற பொருளும் உண்டு. துறையில் பிறந்து வளர்ந்த நமக்குக் கணினியின் துறையைப் புரிந்துகொள்வது கடினமா என்ன?

தூரத்திலிருந்து பிறர் கேட்கும் வேலையைச் செய்து கொடுப்பதற்காகவே ஓயாமல் காத்திருக்கும் கணினியைச் 'சர்வர்' என்கிறோம். கோலாலம்பூரிலிருந்து ஒருவர் தேர்வு முடிவைக் கேட்பார். ஈப்போவிலிருந்து ஒருவர் வங்கிக் கணக்கைக் கேட்பார். அந்தக் கோரிக்கைகள் வந்து சேரும் இடத்துக்குப் 'போர்ட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதாவது துறை! 0 முதல் 65,535 வரை ஒவ்வொரு துறைக்கும் எண் உண்டு. எந்தத் துறையில் எந்த வேலைக்காரன் நிற்பான் என்பதற்கும் ஒழுங்கு உண்டு. வருபவன் நண்பனா எம்டனா என்பதை அந்த வேலைக்காரனாகிய நிரல்தான் கண்டறிய வேண்டும்.

நம்பிக்கைக் காலம் முடிந்தது

தொடக்க காலத்தில் கணினிகள் மிகச் சில. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் பல்கலைக்கழகத்தார். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஒரே லயத்தில் குடியிருப்பவர்கள் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் படுப்பதைப் போல அவர்கள் இருந்தார்கள். 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸ் அமைப்பில், நம்பகமான கணினிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை எழுதி வைக்க வழி இருந்தது. அப்பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லி வருபவரைக் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டுவிடும். பெயரைச் சொன்னால் போதும் என்றால், நான்காவது புகைபோக்கி வைத்தவனுக்குக் கொண்டாட்டம்தானே!

1988 நவம்பர் 2ஆம் நாள் அந்த நம்பிக்கைக்கு அடி விழுந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் என்பவர், தானே பரவும் நிரல் ஒன்றை இணையத்தில் விட்டார். ஏறத்தாழ 6,000 கணினிகளை அது திணறடித்தது என்று அப்போது மதிப்பிட்டார்கள். இணையத்தில் இருந்த கணினிகளில் அது பத்தில் ஒரு பங்கு.

அது நுழைந்த வழிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். "உங்கள் கணினியில் இன்னார் இருக்கிறாரா?" என்று கேட்டால் பதில் சொல்லும் 'ஃபிங்கர்' என்ற சாதாரண வேலைக்காரன் ஒருவன் இருந்தான். கேள்வியை எழுதிக்கொள்ள அவனிடம் 512 எழுத்துக்கு இடம் இருந்தது. மாரிஸின் நிரல் 536 எழுத்தை அனுப்பியது. வருவதை அளந்து பார்க்க வேண்டும் என்று அந்த வேலைக்காரனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மிச்ச எழுத்துகள் வழிந்து, பக்கத்தில் இருந்த அவனுடைய வேலைக் குறிப்பின்மேல் விழுந்தன. அதன்பின் அவன் எசமானின் சொல்லை விட்டுவிட்டு வந்தவன் சொல்லைக் கேட்டான்! சும்மா ஒரு கேள்வி கேட்டவன் வீட்டையே எடுத்துக்கொண்ட கதை இது.

மாரிஸ் 1990இல் தண்டிக்கப்பட்டார். கணினி உலகம் விழித்துக்கொண்டது. அவசரக் காலத்தில் உதவ அமெரிக்காவில் 1988லேயே ஒரு குழு அமைந்தது. நம் நாட்டில் அதே பணிக்கு 'மைசெர்ட்' 1997இல் உருவானது. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்கிய மலேசியச் சட்டமும் அவ்வாண்டு இயற்றப்பட்டதே.

1995இல் பின்லாந்தின் டாட்டு யிலோனன் 'எஸ்.எஸ்.எச்.' என்ற முறையைக் கண்டார். தம் பல்கலைக்கழக வலையில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதே அதற்குக் காரணம். இதில் பேச்சு முழுவதும் பூட்டிய பெட்டிக்குள் செல்லும். சர்வரும் தன் அடையாளத்தைக் காட்ட வேண்டும். வருபவரும் காட்ட வேண்டும். இரு பக்கமும் சோதனை!

இத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியானது. காவலுக்கென்றே எழுதிய ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் இருந்த ஓட்டை அது. வந்தவன் ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு, "நான் 64,000 எழுத்து அனுப்பினேன், அதைத் திருப்பிக் கொடு" என்பான். சர்வர் எண்ணிப் பார்க்காமல், தன் நினைவில் பக்கத்தில் இருந்த பிறருடைய இரகசியங்களையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். நம் தென்னந்தோட்டத்தில், "ஆயிரம் காய் போட்டேன்" என்று சொன்னவுடன் கிராணி எழுதிக்கொள்வாரா? எண்ணிப் பார்த்துத்தானே எழுதுவார்! கிராணிக்குத் தெரிந்தது அந்த நிரலுக்குத் தெரியவில்லை.

என் அனுபவம்

இதெல்லாம் பெரிய இடத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். மூடப்பட்ட தோட்டங்களின் பழைய படங்களை நாங்கள் சிலர் சேர்ந்து ஓரிடத்தில் கணினியில் ஏற்றி வைத்திருந்தோம். பால்மரக் காட்டில் வேலை செய்தவர்கள், ஆயாக்கொட்டகைப் பிள்ளைகள், தீமிதித் திருவிழா என நூற்றுக்கணக்கான படங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று அக்கணினியின் ஒரு துறையை வெளியே திறந்துவிட்டோம். கடவுச்சொல் 123456. நானும் அதற்குத் தலையாட்டியவன்தான்.

ஒருநாள் காலையில் திறந்தால் எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டிருந்தன. பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் மட்டும் இருந்தது. வேறிடத்தில் நகல் எடுத்து வைக்கவில்லை. மூலப் படங்களில் பலவற்றைக் கறையான் முன்பே தின்றிருந்தது.

அடுத்த வாரம் ஒரு பெரியவர் வந்தார். "வாத்தியாரே, எங்கப்பா பெரட்டுல நிக்கிற படம் ஒண்ணு குடுத்தேனே, அதுல ஒரு காப்பி கெடைக்குங்களா? பேத்தி கேக்குறா," என்றார். "இல்லீங்க தாத்தா, போயிருச்சு," என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் தகப்பனாருக்கு இருந்தது அந்த ஒரே படம். லயம் இல்லை, தோட்டமும் இல்லை. படமும் எங்கள் அசட்டையால் போனது.

செய்ய வேண்டியவை

நாளை சர்வர் நிரல் எழுதப்போகும் பிள்ளைகள் இவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, வேண்டாத துறையைத் திறக்காதே. இரண்டாவது, பெயரை நம்பாதே, சான்று கேள். மூன்றாவது, வருவதை நீயே அளந்து பார். அளவு மீறினால் திருப்பி அனுப்பு. நான்காவது, கேட்ட வேலைக்குத் தேவையான அதிகாரத்தை மட்டும் கொடு. கடைக்குச் சாமான் ஏற்றி வரும் லாரியைக் கேட்டுக்குள் விடலாம். அதற்காக ஆபீஸ் பெட்டிச் சாவியைக் கொடுப்பார்களா? ஐந்தாவது, ஓட்டை தெரிந்தவுடன் அடை. ஆறாவது, நகல் எடுத்து வேறிடத்தில் வை. ஏழாவது, தோட்டத்து ஜாகா புத்தகத்தில் எழுதுவது போல, யார் வந்தார், எப்போது வந்தார் என்று குறித்து வை.

ஏழாவதன் பயனை எம்டன் கதையின் முடிவே காட்டும். 1914 நவம்பர் 9ஆம் நாள் எம்டன், இந்தியப் பெருங்கடலில் உள்ள கோக்கோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றது. அங்கிருந்தவர்கள் உற்றுப் பார்த்தார்கள். ஒரு புகைபோக்கி பொய் என்று கண்டுகொண்டார்கள். உடனே, அறிமுகமில்லாத கப்பல் வந்திருக்கிறது என்று தந்தி அடித்தார்கள். அச்செய்தி கேட்டு விரைந்து வந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் எம்டன் அன்றே வீழ்ந்தது. பினாங்கில் போர்க்கப்பல்கள் தவறவிட்டதை, பீரங்கி இல்லாத தந்திக் குமாஸ்தாக்கள் சாதித்தார்கள்.

மாணவச் செல்வங்களே, விருந்தினரை வரவேற்பது நம் பண்பு. வந்தவர் விருந்தினர்தானா என்று பார்ப்பது நம் கடமை. அந்தக் கடமையை நான் ஒருமுறை மறந்தேன். நீங்கள் மறக்க வேண்டாம்.